தரிசு என்று சொன்னது யார்?

"பேரன் தீவு" என்று பத்திரிகையில் எழுதினால், "எந்தப் பாட்டியின் பேரன்?" என்று கேட்கிறவர்கள் உண்டு.

பாட்டிக்கும் இந்தப் பேரனுக்கும் சம்பந்தம் இல்லை. இது ஆங்கிலப் பெயர். ஆங்கிலத்தில் அந்தச் சொல்லுக்குத் தரிசு என்று பொருள். ஒன்றும் விளையாத நிலம்! வெள்ளைக்காரக் கப்பல்காரர்கள் கடலில் இருந்தபடியே பார்த்திருக்கிறார்கள். புகை தெரிந்தது. சாம்பல் தெரிந்தது. கன்னங்கரேல் என்று பாறை தெரிந்தது. "தரிசு" என்று படத்தில் எழுதிக்கொண்டு போய்விட்டார்கள் போலிருக்கிறது.

இருநூறு வருஷங்களுக்கு மேல் ஆகியும் அதே பெயர்தான் நிலைத்திருக்கிறது.

நம் பிள்ளைகளுக்கு இந்தத் தீவு ஒரு மார்க் கேள்வி. "இந்தியாவில் உயிரோடு இருக்கும் ஒரே எரிமலை எது?" விடை: பேரன் தீவு. பள்ளிக்கூடத்துப் பூகோளப் பாடம் முதல் சர்க்கார் உத்தியோகப் பரீட்சை வரை இந்த ஒரு வரிதான். மனப்பாடம் செய்கிறோம், எழுதுகிறோம், மறந்துபோகிறோம்.

என் கட்சி இதுதான்: இந்தத் தீவு தரிசு அல்ல. அதற்குத் துணையாக வடக்கே இருக்கும் இன்னொரு எரிமலைத் தீவும் தரிசு அல்ல. ஆள் இல்லாத நிலத்தையெல்லாம் தரிசு என்று எண்ணுவதால்தான் அதில் ஆட்டை விடலாமா, கட்டடம் கட்டலாமா என்று கை பரபரக்கிறது. இரண்டு தீவுகளையும் அவற்றின் போக்கில் விட்டுவிட வேண்டும்.

ஏன் அப்படிச் சொல்லுகிறேன் என்பதை ஆதியிலிருந்து பார்ப்போம்.

எங்கே இருக்கிறது?

சென்னைக் கடற்கரையில் நின்றுகொண்டு நேர் கிழக்கே பாருங்கள். கண்ணுக்குத் தெரிவது வங்கக் கடல். அந்தக் கடலைத் தாண்டிப் போனால் அந்தமான் தீவுகள் வரும். அவற்றையும் தாண்டினால் வேறொரு கடல். அதற்கு அந்தமான் கடல் என்று பெயர். அங்கேதான் இருக்கிறது நம் எரிமலை. சென்னையிலிருந்து ஏறக்குறைய 1,500 கிலோமீட்டர்.

அந்தமானின் தலைநகரை நாம் போர்ட் பிளேர் என்று சொல்லி வந்தோம். 2024ஆம் ஆண்டில் அதற்கு ஸ்ரீ விஜயபுரம் என்று பெயர் மாற்றினார்கள். அந்த ஊரிலிருந்து வடகிழக்கே சுமார் 140 கிலோமீட்டர் கப்பலில் போக வேண்டும்.

தீவு சின்னஞ்சிறியது. இந்தக் கரையிலிருந்து அந்தக் கரைக்குச் சுமார் 3 கிலோமீட்டர். பல்லடத்திலிருந்து திருப்பூருக்குப் போகும் தூரத்தில் ஐந்தில் ஒரு பங்குதான்!

உயரம் சுமார் 354 மீட்டர். ஒரு பனைமரத்தின் மேல் இன்னொரு பனைமரமாகப் பதினெட்டு மரங்களை அடுக்கினால் அந்த உயரம் வரும்.

"இவ்வளவுதானா?" என்று எண்ணிவிடாதீர்கள். நாம் காண்பது மலையின் கொண்டையை மட்டும்தான். உடம்பு முழுவதும் கடலுக்குள் இருக்கிறது. அங்கே கடல் சுமார் 2,250 மீட்டர் ஆழம். மேலே இருப்பதையும் கீழே இருப்பதையும் கூட்டிப் பாருங்கள். 2,600 மீட்டர் வருகிறது. ஊட்டிக்குப் போனவர்கள் தொட்டபெட்டா சிகரத்தைப் பார்த்திருப்பீர்கள். அதன் உயரம் 2,637 மீட்டர். கடல் தண்ணீரை ஒரு நாள் வடித்துவிட முடிந்தால், பேரன் தீவு தொட்டபெட்டாவுக்குத் தோளோடு தோள் நிற்கும்.

தீவின் அமைப்பும் விசித்திரமானது. ஒரு பெரிய அண்டாவை வைத்து, அதற்குள் ஒரு சின்னப் பானையைக் கவிழ்த்து வைத்தால் எப்படி இருக்கும்? அப்படித்தான் இருக்கிறது. வெளியே வட்டமாகப் பழைய மலைச்சுவர். எப்போதோ நடந்த பெரிய வெடிப்பில் நடுப்பகுதி உள்வாங்கி, சுவர் மட்டும் மிஞ்சியது. சுவருக்கு நடுவே புதிதாக வளர்ந்த கூம்பு மலை. நெருப்பைக் கக்குவது இந்தக் கூம்புதான். மேற்குப் பக்கத்தில் சுவர் இடிந்து வாசல் போலத் திறந்திருக்கிறது. கக்கிய குழம்பு அந்த வாசல் வழியாக ஓடிக் கடலில் இறங்கும்.

வெல்லமும் எரிமலையும்

கடலுக்கு நடுவே நெருப்பு எப்படி வந்தது? தண்ணீர் பட்டால் நெருப்பு அணைய வேண்டும் அல்லவா?

இங்கேதான் வேடிக்கை. இந்த எரிமலையை எரிய வைப்பதே தண்ணீர்தான்.

பூமியின் மேல்தோடு ஒரே துண்டாக இல்லை. பெரிய பெரிய தட்டுகளாக இருக்கிறது. ஒவ்வொரு தட்டும் மெல்ல நகருகிறது. நம் விரல் நகம் வளருகிறதே, ஏறக்குறைய அந்த வேகம். நம் இந்தியத் தட்டு அந்தமான் பக்கத்தில் இன்னொரு தட்டுக்கு அடியில் நுழைந்து கீழே இறங்கிக்கொண்டிருக்கிறது.

இறங்குகிற பாறை வெறும் கையோடு போவதில்லை. கோடிக்கணக்கான வருஷம் கடலில் ஊறிய ஈரத்தையும் சேர்த்துக் கொண்டுபோகிறது. ஆழத்துக்குப் போகப்போக அழுத்தமும் சூடும் அதிகமாகும். ஈரம் பிழிந்து வெளியே வரும். மேலே இருக்கும் சூடான பாறைக்குள் புகும்.

வீட்டில் பாகு காய்ச்சும் பெண்களைக் கேளுங்கள். வெல்லக் கட்டியை வெறும் சட்டியில் போட்டால் எளிதில் உருகாது. ஒரு கை தண்ணீர் தெளித்தால் உடனே இளகிவிடும். பாறையும் அப்படித்தான். காய்ந்த பாறை உருகாத சூட்டில், ஈரம் பட்ட பாறை உருகிவிடுகிறது. உருகிய குழம்பு மேலே ஏறி, வழி கிடைத்த இடத்தில் வெளிவருகிறது. அதுவே எரிமலை.

சுமத்ராவிலிருந்து பர்மா வரை இப்படி ஒரு வரிசையே உண்டு. அந்த வரிசையில் நம் பங்குக்கு வந்த இரண்டு மலைகள்தான் பேரன் தீவும், வடக்கே இருக்கும் நார்கொண்டம் தீவும். முதல் மலை விழித்திருக்கிறது. இரண்டாவது மலை உறங்குகிறது.

தூக்கமும் விழிப்பும்

எழுத்தில் பதிவான முதல் வெடிப்பு 1787ஆம் ஆண்டில் நிகழ்ந்தது. அடுத்த சில ஆண்டுகளில் மலை ஓயவே இல்லை. 1789ல் ஆர்ச்சிபால்டு பிளேர் என்ற கப்பற்படை அதிகாரி அந்தமானை அளக்க வந்தார். போர்ட் பிளேர் என்ற பெயர் அவரால் வந்ததுதான். அவர் தீவை நெருங்கியபோது மலை செந்நிறக் கற்களை வீசிக்கொண்டிருந்தது. மூன்று, நான்கு டன் எடையுள்ள கற்கள்கூடப் பறந்து விழுந்தன என்று குறிப்பு எழுதினார். ஒரு சரக்கு லாரி நிறைய ஏற்றுகிற நூல் மூட்டைகளைக் கொட்டாங்கச்சி போலத் தூக்கி எறிவதை எண்ணிப் பாருங்கள்!

1795, 1803 என்று ஆட்டம் தொடர்ந்தது. பிறகு அடங்கியது.

அப்புறம் நீண்ட உறக்கம். 1884ல் மாலெட் என்ற நிலவியல் அறிஞர் இரண்டு தீவுகளையும் நடந்து பார்த்து, மறு ஆண்டில் ஒரு புத்தகம் எழுதினார். அதற்குப் பிறகு ஒரு நூற்றாண்டு போயிற்று. இந்த மலையின் கதை முடிந்தது என்றே பலர் எண்ணினார்கள். வெள்ளைக்காரன் போனான். நாடு விடுதலை அடைந்தது. மலை மூச்சு விடவில்லை.

1991ல் விழித்தது!

ஒன்றரை நூற்றாண்டுக்கு மேல் சேர்த்து வைத்ததையெல்லாம் அந்த வருஷம் பல மாதங்கள் கக்கியது. நெருப்புக் குழம்பு மேற்கு வாசல் வழியாக ஓடிக் கடலில் விழுந்தது. கடல் கொதித்தது. நீராவி மேகமாக எழுந்தது. 1994-95ல் மறுபடியும். 2005 மே மாதத்தில் மறுபடியும். 2017 ஜனவரியில் கோவாவிலிருந்து போன கடலாய்வு விஞ்ஞானிகளின் கப்பல் அருகில் நின்றபோது, சில நிமிஷங்களுக்கு ஒரு தடவை மலை சாம்பலைத் துப்பியது. பகலில் சாம்பல் மட்டும் தெரிந்தது. சூரியன் மறைந்த பிறகுதான் செந்நிற ஊற்று வானத்தில் பீச்சியடிப்பது தெரிந்தது. 2025 செப்டம்பரிலும் புகைந்தது.

"இதனால் நமக்கு ஆபத்து வருமா?" என்று டீக்கடையில் ஒரு பெரியவர் கேட்டார். 2004 டிசம்பர் 26 அவர் மனத்தில் இருந்திருக்கும். நாகப்பட்டினத்தையும் கடலூரையும் அழித்த அலை எரிமலையால் வந்தது அல்ல; சுமத்ராவுக்கு அருகே கடலடியில் நிகழ்ந்த பூகம்பத்தால் வந்தது. அது நடந்த ஐந்தாவது மாதத்தில் பேரன் தீவு விழித்ததால், இரண்டுக்கும் தொடர்பு இருக்குமோ என்று விஞ்ஞானிகள் யோசித்ததும் உண்மை. இந்தோனேசியாவில் கிரகடோவா என்ற எரிமலை 1883ல் வெடித்து, அலையாலேயே பல ஆயிரம் பேரைக் கொன்றது. அதன் குழந்தை மலை 2018 டிசம்பரில் சரிந்து, அப்போதும் 400 பேருக்கு மேல் மாண்டார்கள். ஆகவே எரிமலைத் தீவு என்றால் அலட்சியம் கூடாது. கண்காணிக்க வேண்டும். ஆனால் பேரன் தீவு பதிவில் உள்ள இத்தனை வருஷத்தில் சின்னச் சின்னதாகவே கக்கி வந்திருக்கிறது. பல்லடத்தில் யாரும் இதை எண்ணித் தூக்கத்தைக் கெடுத்துக்கொள்ள வேண்டாம்.

அடங்கலில் ஒரு சொல்

இப்போது "தரிசு" என்ற சொல்லுக்கு வருவோம்.

நம் கொங்கு நாட்டில் இந்தச் சொல்லுக்குத் தனி வரலாறு உண்டு. பல்லடம், காங்கயம், மூலனூர்ப் பக்கத்தில் "காடு" என்றால் அடர்ந்த வனம் அல்ல; மழையை நம்பிய மேட்டு நிலம். அதிலும் கொறங்காடு என்று ஒன்று உண்டு. சுற்றிக் கிளுவை வேலி. உள்ளே கொழுக்கட்டைப் புல். நடுநடுவே வெள்வேல மரம். வருஷத்தில் பாதி நாள் பார்த்தால் ஒன்றுமே இல்லாதது போல வெறிச்சோடிக் கிடக்கும். வெளியூர்க்காரர் ஒருவர் பார்த்தால் "தரிசு" என்பார். அடங்கலிலும் அப்படியே எழுதியிருக்கலாம். ஆனால் காங்கயம் காளை வளர்ந்தது அந்தத் "தரிசில்" அல்லவா! ஒரு மழை பெய்தால் எங்கிருந்தோ புல் வந்துவிடும். அந்த நிலத்தை அறிந்தவன் ஒருநாளும் அதை வீண் நிலம் என்று சொல்லமாட்டான்.

வீண் நிலம் என்று சொன்னவர்கள் வந்தபோதுதான் வேலியைப் பிடுங்கி, கல் நட்டு, மனை போட்டார்கள். அதைப் பற்றி வேறொரு ஞாயிற்றுக்கிழமை பேசலாம்.

பேரன் தீவையும் அப்படித்தான் பார்க்க வேண்டும். நெருப்புக் குழம்பு ஓடாத பக்கங்களில், பழைய மலைச்சுவரின் வெளிச்சரிவில், மரமும் செடியும் பச்சென்று இருக்கின்றன. பழந்தின்னி வௌவால்கள் தொங்குகின்றன. புறாக்கள் இருக்கின்றன. ஒவ்வொரு வெடிப்பிலும் ஒரு பகுதி கருகுகிறது, மறுபடியும் துளிர்க்கிறது. சுற்றியுள்ள கடலில் பவளமும் மீன்களும் இருக்கின்றன. தெளிந்த தண்ணீரில் மூழ்கிப் பார்ப்பதற்கென்றே பலர் அங்கே போகிறார்கள்.

ஒன்றுமே இல்லாத இடம் என்ற எண்ணத்தில் வெள்ளைக்காரர் காலத்தில் ஒரு காரியம் செய்தார்கள். ஆடுகளைக் கொண்டுவந்து விட்டார்கள். அப்படி ஆளில்லாத் தீவுகளில் ஆட்டை விடுவது அந்தக் காலத்துக் கப்பல்காரர் வழக்கம். கப்பல் உடைந்து ஒதுங்குகிறவனுக்குக் கறி கிடைக்குமே என்ற யோசனை.

ஆடுகள் சாகவில்லை! எரிமலைக்கு அடியில் குட்டி போட்டுப் பெருகின. குடிக்கத் தண்ணீர்? கடல் தண்ணீரையே குடிக்கின்றன என்று வெகுகாலம் வியப்போடு பேசிக்கொண்டார்கள். பிறகு தீவில் நல்ல தண்ணீர் ஊற்று இருப்பது தெரிந்தது. நெருப்பு மலையில் நன்னீர் ஊற்று! பிறகு எப்படி அதைத் தரிசு என்பது?

ஆட்டின் சாமர்த்தியம் நமக்குத் தெரியும். ஆனால் ஆட்டின் வாயும் நமக்குத் தெரியும். அது மேய்ந்த இடத்தில் இளங்கன்று நிமிர்வது ஏது? இந்தக் கேள்விதான் நம்மை அடுத்த தீவுக்கு அழைத்துப் போகிறது.

நரக குண்டம்

பேரன் தீவிலிருந்து வடக்கே ஏறக்குறைய 135 கிலோமீட்டர் போனால் நார்கொண்டம் தீவு. பரப்பு 7 சதுர கிலோமீட்டருக்கும் கொஞ்சம் குறைவு. உயரம் 710 மீட்டர். அடி முதல் உச்சி வரை பச்சைப் பசேல் என்று காடு.

"நார்கொண்டம்" என்ற பெயர் "நரக குண்டம்" என்பதிலிருந்து வந்திருக்க வேண்டும் என்று அறிஞர்கள் கருதினார்கள். அமைதியாக உறங்கும் பச்சை மலைக்கு நரக குண்டம் என்று பெயர் வைப்பார்களா? நெருப்புக் கக்கும் தீவுக்கு நம்மவர்கள் வைத்த பெயரைப் பிற்காலக் கப்பல்காரர்கள் கடற்படத்தில் இடம் மாற்றி எழுதியிருக்கலாம் என்பது அவர்களுடைய ஊகம். அது சரி என்றால், எரிமலையின் பெயர் காட்டுக்குப் போயிற்று. காட்டைப் பெற்ற தீவு நரகம் ஆயிற்று. எரிமலை தரிசு ஆயிற்று. இரண்டு தீவுக்கும் தவறான பெயர்!

இந்தத் தீவு யாருக்குச் சொந்தம் என்பதிலும் ஒரு காலத்தில் வழக்கு இருந்தது. பர்மா உரிமை கொண்டாடியது. 1986ல் இரு நாடுகளும் கடல் எல்லை ஒப்பந்தம் செய்துகொண்டபோது இந்தியாவுக்கு என்று தீர்ந்தது. அதற்கு முன்பே, 1969ல், நம் போலீஸ் காவல் நிலையம் ஒன்று அங்கே வந்துவிட்டது. தீவில் இருக்கும் மனிதர்கள் அந்தக் காவலர்கள்தான். வேறு குடி கிடையாது.

ஆனால் வேறொரு குடி இருக்கிறது. உலகத்தில் வேறெங்கும் இல்லாத குடி.

ஆயிரம் பறவைகள்

வால்பாறைப் பக்கம் போனவர்கள் இருவாச்சிப் பறவையைப் பார்த்திருக்கலாம். பெரிய அலகு. பறந்தால் ரயில் போவது போலச் சத்தம். நார்கொண்டத்தில் ஓர் இருவாச்சி இருக்கிறது. ஆணுக்குக் கழுத்தும் தலையும் செம்பட்டை நிறம், பெட்டைக்குக் கறுப்பு. இரண்டுக்கும் வால் வெள்ளை. இந்த ஏழு சதுர கிலோமீட்டரை விட்டால் பூமியில் எந்தக் காட்டிலும் இது கிடையாது. 1873ல் இதை உலகுக்கு அறிவித்தவர் யார் தெரியுமா? ஆலன் ஆக்டேவியன் ஹ்யூம். பின்னால் காங்கிரஸ் மகாசபை தோன்றக் காரணமாக இருந்தாரே, அதே ஹ்யூம்தான்.

இதன் குடும்ப வாழ்க்கை ஒரு கதை. பெட்டை பெரிய மரத்தின் பொந்துக்குள் போய் உட்காரும். வாசலை எச்சத்தாலும் பழச் சக்கையாலும் பூசி அடைத்துக்கொள்ளும். ஓர் அலகு நுழையும் சந்து மட்டும் விடும். முட்டையிட்டு, அடைகாத்து, குஞ்சை வளர்க்கும் நாளெல்லாம் அது சிறைவாசம்தான். பறக்கும் இறகுகளையும் அப்போது உதிர்த்துவிடும். வெளியே ஆண் பறவை ஓடி ஓடி அத்திப்பழமும் மற்றப் பழங்களும் பறித்து வந்து, அந்தச் சந்து வழியாக ஊட்டும். ஆணுக்கு ஏதேனும் நேர்ந்தால் உள்ளே இருப்பவை பட்டினிதான். இரவு ஷிப்டு முடித்துப் பொட்டலம் வாங்கிக்கொண்டு வீட்டுக்கு ஓடும் நம்மூர் அப்பாக்களுக்கு இந்தப் பறவையின் பாடு புரியும்.

பொந்து வேண்டுமானால் மரம் பெரிதாக இருக்க வேண்டும். பெரிய மரம் நாளைக்கும் இருக்க வேண்டுமானால் இன்றைக்குக் கன்று வளர வேண்டும்.

1976ல் அந்தத் தீவில் ஆடுகளைக் கொண்டுவந்து விட்டார்கள். காவலுக்கு இருப்பவர்களின் சாப்பாட்டுக்காக. கடலுக்கு நடுவே மாதக்கணக்கில் தனியாக இருப்பவர்கள் கறிக்கு ஆசைப்பட்டதைக் குற்றம் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. ஆனால் ஆடு பெருகியது. காட்டுக்குள் போயிற்று. முளைத்ததையெல்லாம் கடித்தது. மேலே கிழட்டு மரங்கள். கீழே கன்றே இல்லை என்ற நிலை வந்தது. 1977ல் தீவை வனவிலங்குச் சரணாலயமாக அறிவித்தார்கள். ஆட்டுக்கு அறிவிப்பு படிக்கத் தெரியுமா?

இந்த ஆபத்தை எடுத்துச் சொன்னவர்களில் நம் கோயமுத்தூர்க்காரர்களும் உண்டு. ஆனைக்கட்டியில் இருக்கும் சாலிம் அலி பறவையியல் மையத்து ஆய்வாளர்கள் அங்கே போய்த் தங்கி, பறவைகளை எண்ணினார்கள்; பொந்துகளைக் கணக்கெடுத்தார்கள்; ஆடுகளை அகற்றச் சொன்னார்கள். பிற்பாடு ஆடுகள் அகற்றப்பட்டன. காடு மூச்சு விட்டது.

இப்போது எத்தனை இருவாச்சிகள் இருக்கும்? முன்பு எடுத்த கணக்குகளில் சில நூறு. அண்மைக் கணக்கு ஒன்று சுமார் ஆயிரம் என்கிறது. ஆயிரம் என்றால் அதிகமா? நம் பல்லடத்தில் ஒரு கறிக்கோழிப் பண்ணைக்குப் போய்ப் பாருங்கள். ஒரே கொட்டகையில் இதைவிடப் பல மடங்கு கோழி இருக்கும். ஓர் இனம் முழுவதும், உலகத்தில் உள்ளது அத்தனையும், நம்மூர்க் கோழிக் கொட்டகை ஒன்றின் மூலையில் அடங்கிவிடும்! ஒரு பெரும் புயல் போதும். ஒரு நோய் போதும்.

ரேடார்

2012ல் ஒரு பிரச்னை எழுந்தது. நார்கொண்டத்தில் ரேடார் கருவியும் அதற்கு மின்சார நிலையமும் அமைக்கக் கடலோரக் காவல் படை அனுமதி கேட்டது. அப்போது மத்திய சுற்றுச்சூழல் மந்திரியாக இருந்தவர் தமிழ்நாட்டைச் சேர்ந்த ஜெயந்தி நடராஜன். இருவாச்சிக்கு ஆபத்து என்று சொல்லி அவர் மறுத்துவிட்டார். 2014ல் ஆட்சி மாறியது. புதிய மந்திரி பிரகாஷ் ஜவடேகர் காலத்தில் அனுமதி கொடுக்கப்பட்டது.

நாட்டுக்குக் காவல் வேண்டாம் என்று யார் சொல்லுவார்கள்? வடமேற்கே பர்மாவின் கோகோ தீவுகள் இருக்கின்றன. கடலில் கப்பல் நடமாட்டத்தைக் கவனிக்கத்தான் வேண்டும். ராணுவத்தில் பிள்ளைகளை அனுப்பிய வீடுகள் நம் பக்கத்திலும் உண்டு. அவர்களிடம் போய்ப் பறவை பெரிதா, நாடு பெரிதா என்று கேட்டால் என்ன பதில் வரும் என்பது தெரியும்.

ஆனால் கேள்வி அது அல்ல. ரேடாரை வேறு தீவில் நிறுத்தலாம். கப்பலில் வைக்கலாம். உயரமான கோபுரத்தில் வைக்கலாம். அந்தமானில் தீவுகளுக்குப் பஞ்சம் இல்லை, நூற்றுக்கணக்கில் இருக்கின்றன. இருவாச்சிக்கு வேறு தீவு இருக்கிறதா? மாற்று இடம் உள்ளவன் நகர வேண்டுமா, இல்லாதவன் நகர வேண்டுமா? பஸ்ஸில் பிள்ளையோடு நிற்கும் பெண்ணுக்கு இடம் கொடுக்கத் தெரிந்த நமக்கு இந்த நியாயம் புரியாதா?

ஒரு தக்காளிச் செடி

ஐஸ்லாந்து என்று வடக்கே ஒரு குளிர் நாடு. 1963 நவம்பரில் அந்த நாட்டுக்கு அருகே கடலிலிருந்து புகை எழுந்தது. பார்த்துக்கொண்டிருக்கும்போதே புதிய தீவு ஒன்று முளைத்தது! சுர்ட்சி என்று பெயர் வைத்தார்கள். 1967 வரை அது நெருப்புக் கக்கி வளர்ந்தது.

நம் ஆட்கள் என்றால் முதல் வேலையாக அளவுக்கல் நட்டிருப்போம். அவர்கள் என்ன செய்தார்கள்? யாரும் காலடி வைக்கக் கூடாது என்று சட்டம் போட்டார்கள். ஆராய்ச்சி செய்யும் சில விஞ்ஞானிகளுக்கு மட்டும் அனுமதி. அவர்களும் விதை ஒட்டிக்கொண்டு வராதபடி உடுப்பையும் மூட்டையையும் சோதித்துக்கொண்டு போக வேண்டும். வெறும் பாறையில் முதல் செடி எப்படி வரும், முதல் பறவை எப்போது கூடு கட்டும் என்று காத்திருந்து பார்த்தார்கள். இன்று வரை பார்க்கிறார்கள்.

ஒரு தடவை அங்கே தக்காளிச் செடி முளைத்தது. விஞ்ஞானிகளுக்கு ஆச்சரியம். குளிர்த் தீவில் தக்காளி ஏது? விசாரித்தால், அங்கே போன ஒருவர் அவசரத்துக்கு ஒதுங்கிய இடத்தில் முளைத்தது என்று தெரிந்தது! உடனே அந்தச் செடியை வேரோடு பிடுங்கி எடுத்துவிட்டார்கள். சிரிக்க வேண்டாம். ஒரு தக்காளிச் செடியைக்கூட அவர்கள் பொறுக்கவில்லை. நாமோ ஆட்டு மந்தையை விட்டுவிட்டு, ஐம்பது வருஷம் அதைப் பற்றியே பேசிக்கொண்டிருக்கிறோம்.

2008ல் சுர்ட்சி தீவை உலகப் பாரம்பரியச் சின்னமாக யுனெஸ்கோ சேர்த்தது. விளையும் பயிர் ஒன்றும் இல்லை. குடியிருக்க வீடு இல்லை. ஆனாலும் உலகம் அதைச் சொத்து என்கிறது.

பேரன் தீவில் ஒரு விஷயம் இப்போதே நன்றாக நடக்கிறது. பார்க்க வருகிறவர்களைக் கரையில் இறங்க விடுவதில்லை. கப்பலில் இருந்தபடியே பார்த்துவிட்டுத் திரும்ப வேண்டும். இது தொடர வேண்டும். வருமானம் கூடும் என்று சொல்லிப் படித்துறை, ஓய்வு விடுதி, கடை என்று யாராவது திட்டம் கொண்டுவந்தால் ஒப்புக்கொள்ளக் கூடாது. எரிமலை விருந்தாளிக்கு நேரம் பார்த்துக் கொட்டாவி விடாது. நார்கொண்டத்திலோ, இனி ஒரு மரம் வெட்டுவதானாலும், ஒரு பாதை போடுவதானாலும், அது எதற்கு, வேறு இடம் ஏன் ஆகாது என்பதை ஜனங்களுக்குச் சொல்லிவிட்டுச் செய்ய வேண்டும். காவலர்களுக்கு வேண்டிய சாப்பாடு ஒழுங்காகக் கப்பலில் போகட்டும். உயிரோடு எதையும் கொண்டுபோய் இறக்க வேண்டாம். ஆடு மட்டும் அல்ல. பூனையும் வேண்டாம், நாயும் வேண்டாம்.

"அந்தமானில் நடப்பதைப் பல்லடத்தில் ஏன் எழுதுகிறாய்?" என்று கேட்கலாம். அந்தமானில் தமிழர்கள் ஏராளமாக வாழ்கிறார்கள். சென்னையிலிருந்து கப்பல் ஏறினால் மூன்று நாள் பிரயாணம். அதெல்லாம் இருக்கட்டும். முடிவு செய்கிறவர்கள் டில்லியில் இருக்கிறார்கள். அவர்களுக்கு ஓட்டுப் போடுகிறவர்கள் பல்லடத்திலும் இருக்கிறார்கள். அந்தத் தீவுகளில் ஓட்டுப் போட இருவாச்சிக்கு உரிமை கிடையாது. அதன் சார்பில் பேச நாம்தான் இருக்கிறோம்.

பாடப் புத்தகத்தில் ஒரு வரியாக இருப்பதை ஒரு பக்கமாக ஆக்கினால் போதும். கூம்பு மலைக்கு ஒரு படம், இருவாச்சிக்கு ஒரு படம். அதற்குச் செலவு அதிகம் ஆகாது.

அது வரும் வரை வீட்டிலேயே ஒரு வேலை செய்யலாம். இன்று மாலை பிள்ளைகளின் பூகோளப் படப் புத்தகத்தை எடுங்கள். சில படங்களில் இந்த இரண்டு தீவுகளும் புள்ளியாகக்கூட இருக்காது. பென்சிலைக் கொடுத்து அவர்களையே குறிக்கச் சொல்லுங்கள். முதல் புள்ளி: வட அட்சம் 12 டிகிரி 17 நிமிஷம், கிழக்குத் தீர்க்கம் 93 டிகிரி 51 நிமிஷம். இரண்டாவது புள்ளி: வட அட்சம் 13 டிகிரி 26 நிமிஷம், கிழக்குத் தீர்க்கம் 94 டிகிரி 16 நிமிஷம். முதல் புள்ளிக்குச் சிவப்பு, இரண்டாவதற்குப் பச்சை.